வரைபடம் வாங்கி விமானம் கட்டலாமா?

கொல்கத்தாவின் கிடர்பூரில் செப்டம்பர் மாதம் விஸ்வகர்மா பூஜை வரும். துறைமுகத்தை ஒட்டிய பட்டறைகளில் அன்று லேத் மெஷினுக்கும் வெல்டிங் செட்டுக்கும் மாலை போட்டிருப்பார்கள். வேலை கிடையாது. மொட்டை மாடிகளிலிருந்து பட்டங்கள் ஏறும். 1856இல் நாடிழந்து பக்கத்து மெட்டியாப்ரூஸில் வந்து குடியேறிய ஆவத் நவாப் வாஜித் அலி ஷாவோடு வந்த மோகம் இது என்பார்கள் ஊர்க்காரர்கள். புராணத்தில் புஷ்பக விமானத்தைச் செய்து கொடுத்தவரும் இதே விஸ்வகர்மாதான்.

அந்த மாடியில் நிற்கும் ஒரு பையனுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. பட்டத்தை நாமே செய்கிறோம். கப்பலைத் தெருக்கோடியில் பழுது பார்க்கிறார்கள். தெற்கே பேஹாலாவில் சிறு விமானங்களுக்கென்றே ஓர் ஓடுதளம் இருக்கிறது. அப்படியிருக்க, விமானம் மட்டும் ஏன் பெரிய தொழிற்சாலையில்தான் பிறக்க வேண்டும்? வீட்டிலேயே ஒன்றைக் கட்ட முடியாதா?

முடியும். உலகில் ஆயிரக்கணக்கானோர் கட்டியிருக்கிறார்கள். அதில் ஏறிப் பறந்தும் இருக்கிறார்கள். இதற்காகவே 1953இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரெஸ்னி என்பவர் ஒரு சங்கம் தொடங்கினார். அது முதலில் இயங்கியது அவர் வீட்டின் நிலவறையில். இப்படிக் கட்டப்படுவதைச் ‘சொந்தக்கட்டு விமானம்’ என்று இந்த அத்தியாயத்தில் அழைப்போம். முடியும் என்பது தெரிந்துவிட்டது. எப்படி முடிகிறது என்பதுதான் சுவையான பகுதி.

விற்றது வரைபடம் மட்டும்

சொந்தக்கட்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாகங்களெல்லாம் வெட்டி முடித்த பெட்டி ஒன்றை வாங்கிப் பூட்டுவது. மற்றது, வரைபடத்தை மட்டும் வாங்கி, பொருள்களை நாமே தேடிச் சேர்த்து, ஒவ்வொரு பாகத்தையும் கையாலேயே செய்வது. இரண்டாவதுதான் கடினம். எனக்குப் பிடித்ததும் அதுவே.

அந்த வழியை மாற்றியமைத்தவர் பர்ட் ரூட்டன். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் சிறியதொரு நிறுவனம் வைத்திருந்தார். 1979இல் அவருடைய ‘லாங்-ஈஸீ’ விமானம் முதன்முதலாகப் பறந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம். நீளம் சுமார் 5 மீட்டர், இறக்கையின் முனைக்கு முனை 8 மீட்டர். வெறும் விமானத்தின் எடை 320 கிலோவைச் சுற்றி. ஆளும் பெட்ரோலும் சேர்ந்தால் 600 கிலோ. இன்ஜின் ஏறத்தாழ 115 குதிரைத் திறன். அதை மட்டும் யாரும் வீட்டில் செய்வதில்லை, வாங்கிக்கொள்வார்கள். இந்த விமானத்தை ரூட்டன் விற்கவில்லை. அதன் வரைபடப் புத்தகத்தை விற்றார், 1985 வரை.

அந்தப் புத்தகத்தில் இருந்தவை ஓவியமும் அளவும் மட்டுமல்ல. இன்று எந்தத் துண்டை வெட்ட வேண்டும், எத்தனை அடுக்குத் துணி போட வேண்டும், எந்த ஒட்டு காய்ந்த பிறகு அடுத்ததைத் தொட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். சில வடிவங்கள் உண்மையான அளவிலேயே தாளில் அச்சாகியிருந்தன. தாளைப் பலகைமேல் ஒட்டி அப்படியே அறுத்துக்கொள்ளலாம்.

இந்த வடிவம் இந்தியாவுக்கும் வந்தது. 1980களில் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் பேராசிரியர் ரூஸ்தம் தமானியாவின் குழு லாங்-ஈஸீயை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆராய்ச்சி விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டது. அந்த விமானத்தின் கதை ஓசூரில் போய் முடியும். அதற்கு முன் அது எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். அதன் இறக்கைக்குள் இருப்பது தெர்மோகோலின் நெருங்கிய உறவான நுரைப்பலகை. மேலே கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸி பசையும். விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் பொருளை நம்பி இரண்டு பேர் ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் எப்படிப் பறக்கிறார்கள்?

ஒரு சதுர மீட்டர் கணக்கு

முழு விமானத்தையும் விட்டுவிடுவோம். இறக்கையில் பக்கத்துக்கு ஒரு மீட்டர் உள்ள ஒரே ஒரு சதுரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

லாங்-ஈஸீயின் இறக்கைப் பரப்பு மொத்தம் சுமார் 7.6 சதுர மீட்டர். அது தாங்க வேண்டியது 600 கிலோ. வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு 79 கிலோ. நல்ல வளர்த்தியான ஓர் ஆளின் எடை. நேராகப் பறக்கும்போது அந்தச் சதுரத்தின் மேல் விழும் பளு இவ்வளவுதான்.

இந்த 79 கிலோவைக் காற்று எங்கிருந்து கொடுக்கிறது? நிலமட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 10 டன் எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு என்பதால் நமக்கு உறைப்பதில்லை. இறக்கை ஓடும்போது தன் வளைவாலும் சற்றே நிமிர்ந்த சாய்வாலும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அப்போது மேற்புற அழுத்தம் கீழ்ப்புறத்தைவிடக் குறைகிறது. எவ்வளவு குறைந்தால் போதும்? 10 டன்னில் 79 கிலோ. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. விமானத்தைத் தூக்கி நிறுத்துவது இந்தச் சிறு வித்தியாசம்தான். இந்த எண்ணைப் பார்த்தவுடன் பறப்பதைப் பற்றிய மலைப்பு பாதி தணிந்துவிடும்.

ஆனால் விமானம் எப்போதும் நேராகவே பறப்பதில்லை. கூர்மையாகத் திரும்பும்போதும், கீழே பாய்ந்து சட்டென்று நிமிரும்போதும், முரட்டுக் காற்றில் மாட்டும்போதும் பளு பல மடங்காகும். நான்கு மடங்கு என்று வைத்தால், நம் சதுரத்தின் மேல் 316 கிலோ. அதையும் தாங்கி, அதற்கு மேலும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும்.

இப்போது அந்தச் சதுரத்தைச் செய்வோம். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடு எடுத்தால் எடை கிட்டத்தட்ட 8 கிலோ. இரு ஓரங்களையும் இரண்டு கட்டைகளின் மேல் வைத்து நடுவில் ஓர் ஆள் ஏறி நின்றால், தகடு மடங்கித் தரையைத் தொட்டுவிடும்.

அதே எடைக்குள் வேறு மாதிரி செய்து பார்ப்போம். 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு நுரைப்பலகை. இறக்கைக்குப் பயன்படும் வகையின் எடை கன மீட்டருக்கு 32 கிலோ. ஆக நம் துண்டு 3.2 கிலோ. மேலே ஒரு மில்லிமீட்டர், கீழே ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி இழைத் தோல். ஒவ்வொன்றும் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் ஏழு கிலோ. இதன் நடுவில் அதே ஆள் ஏறி நின்றால், அது வளைவதைக் கண்ணால் காண முடியாது. ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. உண்மையான இறக்கையில் தோலின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். கணக்கின் போக்கு இதுதான்.

எடை இரும்புக்கும் குறைவு. விறைப்போ ஆயிரம் மடங்குக்கு மேல். எப்படி?

நுரைக்கு என்ன வேலை

ஒரு பலகையை வளைத்துப் பாருங்கள். உட்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். நடுவில் ஒரு தளம் இருக்கிறது. அங்கே நசுங்கலும் இல்லை, இழுப்பும் இல்லை. ஆக வளைவை எதிர்க்கும் வேலை முழுவதும் மேற்தோலிலும் கீழ்த்தோலிலும் நடக்கிறது. நடுவிலுள்ள பொருள் பெரும்பாலும் வெறும் சுமை.

அதனால் வலுவான பொருளை இரண்டு ஓரங்களுக்கும் தள்ளிவிட்டு, நடுவில் எடையற்றதை வைப்பது புத்திசாலித்தனம். இரண்டு தோல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை இரட்டித்தால் விறைப்பு நான்கு மடங்காகிறது. கூடும் எடை, நுரையின் எடை மட்டுமே. கிடர்பூர் துறைமுகக் கிரேன்களைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள் மேலும் கீழும் அகன்று நடுவில் ஒல்லியாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

நுரைக்கு இரண்டே பொறுப்புகள். தோல்களைப் பிரித்துப் பிடிப்பது ஒன்று. ஒன்றின்மீது ஒன்று வழுக்கவும் உள்ளே சுருண்டு மடியவும் விடாமல் தடுப்பது மற்றொன்று. அதற்கு நுரை பலசாலியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தோலோடு முழுமையாக ஒட்டியிருக்க வேண்டும். ஓர் உள்ளங்கை அளவுக்கு ஒட்டாமல் விட்டுப்போனாலும் அங்கே தோல் தனியாக நின்றுவிடும். தனியாக நின்ற தோல் பளு வந்ததும் மடியும். சொந்தக்கட்டு விமானத்தில் அஞ்ச வேண்டியது நுரையின் மென்மையை அல்ல, விட்டுப்போன ஒட்டை.

சூடான கம்பியும் இரண்டு பேரும்

தொழிற்சாலையில் இழைப் பொருள்களைச் செய்ய அச்சு வேண்டும். ஒரே ஒரு விமானம் கட்டுபவர் அச்சு செய்தால், விமானத்துக்கு ஆகும் உழைப்பு அச்சுக்கே ஆகிவிடும். ரூட்டன் அச்சைத் தூக்கியெறிந்தார். நுரையையே இறக்கை வடிவத்தில் அறுத்து, அதன்மேல் நேரடியாகத் துணியை ஒட்டச் சொன்னார். வீட்டில் விமானம் கட்டுவதைப் பரவலாக்கிய யோசனை இதுதான் என்பேன்.

அறுப்பதற்கு வாள் கிடையாது. மின்சாரம் பாய்ந்து சூடான மெல்லிய கம்பி. நுரைக்கட்டியின் இரு முனைகளிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் பலகைகளைப் பொருத்துவார்கள். இருவர் ஆளுக்கொரு முனையில் நின்று, கம்பியை அந்தப் பலகைகளின் விளிம்போடு இழுப்பார்கள். அடிப்பக்கம் அகலம், நுனி குறுகல். ஆகவே ஒரே வேகத்தில் இழுத்தால் கம்பி கோணிப்போய் இறக்கை முறுக்கிக்கொள்ளும். இதற்காக இரண்டு விளிம்புகளிலும் எண்கள் குறித்திருக்கும். ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல, மற்றவரும் அதே எண்ணைக் கடக்க வேண்டும்.

பள்ளியில் தெர்மோகோல் மேல் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு ஓர் ஐயம் வரும். சரியான ஐயம். பெட்ரோல் பட்டால் இந்த நுரை கரைந்துவிடும். எனவே பெட்ரோல் தொட்டி அமையும் பகுதிக்கு வேறு வகை நுரை. மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினும் இதைக் கரைக்கும் என்பதால்தான் விலை கூடிய எபாக்ஸி. காசு மிச்சம் பிடிக்க இங்கே இடமில்லை.

துணி எந்தப் பக்கம் ஓடுகிறது

கண்ணாடி இழை, தன் நீளவாக்கில் இழுத்தால் மிக வலிமையானது. குறுக்கே இழுத்தால் பசையின் வலுதான் மிஞ்சும். ஆகவே இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே கட்டமைப்பின் உயிர். இறக்கையை மேல்நோக்கி வளைக்கும் விசைக்கு, அடியிலிருந்து நுனிவரை நீளமாக ஓடும் இழைகள் வேண்டும். அவற்றைப் பட்டையாக அடுக்குவார்கள். இறக்கையை முறுக்கும் விசைக்கு அது உதவாது. முறுக்கும்போது தோல் கோணல் வாட்டத்தில்தான் இழுபடும். அதற்கு 45 டிகிரியில் இழை ஓடும் துணி. மெட்டியாப்ரூஸ் தையல் கடைகளில் துணியைக் கிராஸாக வெட்டுவார்களே, அதே வெட்டு. தையலில் அது துணி நெகிழ்ந்து கொடுப்பதற்காக; இங்கே நெகிழாமல் நிற்பதற்காக.

பசை கூடினால் பலம் கூடும் என்று கை தானாக நம்பும். உண்மை நேரெதிர். பளுவைச் சுமப்பது இழை. பசை அதைப் பிடித்துவைக்க மட்டுமே. துணியின் எடையில் ஏறத்தாழ பாதியளவு ரெசின் போதும். மிச்சத்தை ரப்பர் தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். துணி வெளுப்பு நீங்கிக் கண்ணாடியாகத் தெளிய வேண்டும்; வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. வேலை முடிந்து பூச்சு அடித்துவிட்டால் இதை யாராலும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய நேரம் ஈரமாக இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான்.

கிடர்பூர்க் காற்றில் இது நடக்குமா

மொஹாவி பாலைவனம். ஹூக்ளிக் கரையில் ஆவணி மாதம். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! எபாக்ஸியோடு கலக்கும் கெட்டியாக்கி, காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, காயும் பரப்பின்மேல் மெழுகாக ஒரு படலத்தை உண்டாக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதன்மேல் அடுத்த அடுக்கை ஒட்டினால், ஒட்டியதாகத் தோன்றும், ஒட்டியிருக்காது. கொல்கத்தா மழைக்காலத்தில் இந்த ஆபத்து மிக அதிகம். ஈரம் உறிஞ்சும் கருவியோ ஏசியோ உள்ள அறை வேண்டும், அல்லது குளிர்காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதோடு ஒரு நல்ல பழக்கமும் உண்டு. அடுக்கு காயுமுன் அதன்மேல் சாதாரண பாலியெஸ்டர் துணி ஒன்றைப் பதித்துவிட்டு, காய்ந்த பின் உரித்தெடுப்பார்கள். படலமும் அழுக்கும் அதோடு போய்விடும். அடியில் சொரசொரப்பான புதுப் பரப்பு கிடைக்கும்.

இந்த மண்ணின் காற்றுக்கும் விமான ஒட்டுக்கும் பழைய வழக்கு ஒன்றும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மஸ்கிட்டோ என்ற மர விமானத்தைப் பிரிட்டன் இந்தியாவுக்கு அனுப்பியது. 1944இல் சிலவற்றின் இறக்கைகள் வானிலேயே பிய்ந்தன. விமானங்களைத் தரையில் நிறுத்தினார்கள். முதலில் பழி நம் வெப்பத்தின் மேலும் ஈரத்தின் மேலும் விழுந்தது. ஆராய்ந்தபோது, கட்டும்போதே மரத்துக்கு மரம் சரியாகப் பொருந்தாமல் விட்ட ஒட்டுகளும் வெளிப்பட்டன.

வெயிலுக்கும் கணக்குண்டு. அறை வெப்பத்தில் காயும் எபாக்ஸி, மிகச் சூடானால் இளகும். நம் கோடையில் கறுத்த பரப்பு 80 டிகிரியையும் தாண்டும். அதனால்தான் லாங்-ஈஸீ விமானங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. வரைபடமே அப்படித்தான் கட்டளையிடுகிறது.

முன்னால் ஓர் இறக்கை

லாங்-ஈஸீயின் படத்தைப் பார்ப்பவர்கள் அது பின்னோக்கிப் பறக்கிறதோ என்று தயங்குவார்கள். வாலில் இருக்க வேண்டிய சிறு இறக்கை மூக்கருகில் இருக்கிறது, இன்ஜின் பின்னால். இந்த முன்னிறக்கையை விமானத் துறையில் கனார்டு என்பார்கள்.

இறக்கையைக் காற்றுக்கு எதிராக மிகவும் நிமிர்த்தினால், ஒரு கட்டத்தில் மேற்புறக் காற்று அதைத் தழுவாமல் பிய்ந்துபோகும். தூக்குவிசை சட்டென்று விழும். இதைத் ‘தூக்கிழப்பு’ என்போம். சிறு விமான விபத்துகள் பலவற்றின் வேர் இது. ரூட்டன், முன்னிறக்கைக்கு எப்போதும் முதலில் தூக்கிழப்பு வரும்படி வடிவமைத்தார். விமானி மூக்கை மேலும் மேலும் தூக்கினால், முன்னிறக்கை கைவிடும், மூக்கு தானே தாழும், வேகம் மீளும். பெரிய இறக்கை அதுவரை பறந்துகொண்டேதான் இருக்கும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. விமானத்தின் எடைமையம் வரைபடம் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். அது பின்னால் நழுவினால் இந்த உத்தரவாதம் போய்விடும். கட்டி முடித்ததும் மூன்று சக்கரங்களையும் மூன்று தராசுகளில் ஏற்றி நிறுப்பது இதற்காகத்தான். லாங்-ஈஸீயில் விமானி இறங்கிவிட்டால் எடைமையம் பின்சக்கரங்களுக்கும் பின்னால் போய்விடும். விமானம் மல்லாந்து விழும். அதனால் முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி நிறுத்துவார்கள்.

ஒரு வால்வு இடம் மாறியது

1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டி, தான் வாங்கியிருந்த லாங்-ஈஸீயில் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடா மேல் பறந்தார். விமானம் கடலில் விழுந்தது, அவர் இறந்தார். இறக்கையில் குறையில்லை, ஒட்டில் குறையில்லை. இன்ஜினுக்கு எந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் போக வேண்டும் என்பதை மாற்றும் வால்வு, வரைபடப்படி விமானியின் கண்முன் இருக்க வேண்டியது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வர வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான் காரணம். அதைத் திருப்ப உடலை முறுக்க வேண்டியிருந்தது. முறுக்கும்போது கால் பெடலை அழுத்திவிடக்கூடும். வால்வு இருந்த இடத்தையும் விபத்துக்கான காரணங்களில் ஒன்றாக அமெரிக்க விசாரணை வாரியம் குறித்தது.

கெட்டிக்காரக் கைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். வரைபடத்தில் ஒன்று ஏன் அங்கே இருக்கிறது என்பது வரைந்தவருக்கும் சோதித்தவருக்கும் தெரியும், தாளில் எழுதியிருக்காது. மாற்ற விரும்புபவர் முதலில் அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் கட்டுநர்கள்

இந்த ஆசை நம்மிடம் பழையது. 1910 மார்ச்சில், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாக்கோமோ டி'ஆஞ்செலிஸ், தானே வடிவமைத்துச் சிம்ப்சன் பட்டறையில் கட்டுவித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழாண்டுகூட ஆகாத காலம். நம் காலத்தில் மும்பையின் கேப்டன் அமோல் யாதவ், காந்திவலியில் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டினார். அது 2016இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் நின்றது. பதிவுச் சான்று 2017 நவம்பரில் கிடைத்தது. நம் நாட்டில் கட்டுவதைவிட அனுமதி பெறுவது நீண்ட வேலை. அந்தப் பாதையை எளிதாக்குவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கையில் இருக்கிறது. எளிதாக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஒவ்வோர் அடுக்கும் ஈரமாக இருக்கும்போதே வந்து பார்க்கும் ஆய்வாளர் வேண்டும் என்கிறேன்.

தமானியாவின் விமானத்துக்கு வருவோம். அவர் 2001இல் மறைந்தார். வரைபடமாகப் பிறந்த அந்த வடிவத்தை இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை மீண்டும் கையில் எடுத்தது. விமானி இருக்கையை நீக்கிக் கருவிகளை வைத்து, ஆளில்லா விமானமாக மாற்றியது. ‘ரூஸ்தம்-1’ என்று பேராசிரியரின் பெயரையே சூட்டியது. 2009 நவம்பரில் நடந்த முதல் முயற்சி விபத்தில் முடிந்தது. 2010 அக்டோபர் 16 அன்று ஓசூர் அருகே தனேஜா விமானத் தளத்திலிருந்து எழும்பி, அரை மணி நேரம் பறந்து, ஒழுங்காகத் தரையிறங்கியது. முன்னிறக்கை மூக்கிலும் இன்ஜின் பின்னாலும் அப்படியே இருந்தன.